மார்கழி, சமவெளியின் பருவம்



ஆண்டின் கடைசி இதழ் அச்சுக்குப் போகும் நாட்களில் எங்கள் அலுவலகத்தில் ஒரே பேச்சுதான். லீவுக்கு எந்த ஊர்? ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, மூணாறு என்று எல்லாம் மலையாகவே வரும். மலைக்குப் போகிறவர்கள் போய்வரட்டும். குளிர் யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கு ஒரே ஓர் ஆதங்கம். நம் சமவெளிக்கும் வருஷத்தில் ஒரு பருவம் உண்டு, அது இந்த மார்கழிதான் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, தை அறுவடை தொடங்கும் வரை சில வாரங்கள் இருக்கின்றனவே, அந்த நாட்களில் ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், வயலும் வாய்க்காலும் உள்ள பக்கமாகப் போய்வாருங்கள் என்று சொல்லத்தான் இந்த மாதம் இந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன்.

எனக்குத் தெரிந்த இடம் காவிரிப் பாசனப் பகுதி. சித்திரை, வைகாசியில் அங்கே காலை ஒன்பது மணிக்கே தார் ரோடு கொதிக்கும். மார்கழியில் இரவு வெப்பம் 20, 21 டிகிரி வரை இறங்கும். நடுப்பகலில்கூட 30-ஐத் தாண்டுவது குறைவு. சூரியன் தெற்கே சாய்ந்தபடியே போவதால் உச்சி வெயில் உறைப்பதில்லை. காலையிலிருந்து மாலை வரை வெளியிலேயே இருக்க முடிகிற காலம் வருஷத்தில் நமக்கு இவ்வளவுதான் கிடைக்கிறது.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் கல்லணை என்பேன். திருச்சியிலிருந்து காவிரியின் தென்கரையை ஒட்டிச் சுமார் 20 கிலோமீட்டர். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று தண்ணீர் பிரிந்து போவதைப் பாலத்தின் மேலேயே நின்று பார்க்கலாம். முதல் மூன்றும் பழைய ஆறுகள். நான்காவதான புது ஆறு வெட்டிய கால்வாய். மேட்டூர் அணை கட்டி முடிந்த அதே 1934-ல் பாசனத்துக்கு வந்தது. வயதானவர்கள் இன்னமும் அதைப் புது ஆறு என்றே சொல்கிறார்கள்.

கல்லணையிலிருந்து பூம்புகார் வரை காவிரியை ஒட்டியபடி ஒரு சாலை போகிறது. மாநில நெடுஞ்சாலைதான் என்றாலும் தேசிய நெடுஞ்சாலைகளின் இரைச்சல் அங்கே கிடையாது. முழுவதையும் ஓட்ட வேண்டியதில்லை. திருவையாறு வரை சுமார் 35 கிலோமீட்டர். ஒரு நாளைக்கு அது தாராளம். வழியில் கோவிலடி. அங்கே அப்பக்குடத்தான் கோயிலில் பெருமாளுக்குத் தினமும் இரவில் அப்பம் படைப்பார்கள். மார்கழி விடியலில் போனால் தொன்னையில் சூடான வெண்பொங்கல் கையில் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அடுத்தது திருக்காட்டுப்பள்ளி, குடமுருட்டி ஆறு காவிரியிலிருந்து பிரிவது இந்த ஊர்ப்பக்கம்தான். படுகை முழுக்க வாழை. பொங்கலுக்கான செங்கரும்பு சோகை உரித்துத் தயாராக நிற்கும். பக்கத்திலேயே பூண்டி மாதா பேராலயம். கிறிஸ்துமஸ் வாரத்தில் அந்தப் பக்கத்து வீட்டு வாசல்களில் காகித நட்சத்திரம் தொங்கும். அடுத்த தெருவில் கோலத்தின் நடுவே சாணியில் செருகிய பரங்கிப்பூ விரிந்திருக்கும். இந்த இரண்டையும் ஒரே காலையில் பார்ப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

சைக்கிள்காரர்கள் எல்லோரும் விடியற்காலையில் கிளம்பச் சொல்வார்கள். பனியும் கோலமும் பார்க்க அது சரிதான். ஆனால் ஒன்பது மணிக்கு வீடு திரும்பிவிடாதீர்கள். அதற்குப் பிறகுதான் நெல் பூக்கும். முன்பே நட்ட சம்பா மார்கழியில் கதிர் முற்றித் தலை சாய்க்கத் தொடங்கியிருக்கும். பிந்தி நட்ட தாளடி சில வயல்களில் தொண்டைக்கதிராக இருக்கும், சில வயல்களில் அப்போதுதான் பூக்கும். ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் சைக்கிளை வரப்போரம் சாய்த்துவிட்டுக் குனிந்து பாருங்கள். பச்சை உமி இரண்டாகத் திறந்து, வெளிறிய சின்னஞ்சிறு மகரந்தப் பைகள் மெல்லிய காம்பில் வெளியே தொங்கும். ஒரு பூவுக்கு ஆறு. எண்ணிப் பார்க்க நல்ல கண்ணாடி வேண்டும். ஒரு பூ திறந்திருப்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அதற்குள் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொண்டு மூடிவிடும். கதிரின் நுனியில் தொடங்கி அடிவரை பூத்து முடிய ஒரு வாரம் ஆகும். அதிலிருந்து ஏறத்தாழ முப்பது நாளில் அறுவடை. நாம் தினமும் சாப்பிடுகிற ஒவ்வொரு பருக்கையும் இப்படி ஒரு காலை நேரத்தில் திறந்து மூடியதுதான். சோறே பிரதானமாக உள்ள ஊரில் பிறந்தும் நெற்பூவைப் பார்க்காமலே வாழ்ந்து முடிப்பவர்கள் எத்தனை பேர்! காரில் போனால் இது தெரியவே தெரியாது. பைக்கில் போனாலும் கடந்துவிடுவோம். மணிக்குப் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டரில், நினைத்த இடத்தில் காலை ஊன்றி நிற்க முடிந்தால்தான் தெரியும்.

அந்த வேகத்துக்குப் பறவைகளும் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. கொக்கும் மீன்கொத்தியும் எப்போதும் உள்ளவை. வடக்கே இருந்து வந்த மஞ்சள் வாலாட்டிக் குருவி வாலை ஆட்டியபடி வரப்பில் முன்னால் ஓடும். மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். தண்ணீர் நிற்கும் வயலில் நத்தைகுத்தி நாரை நிற்பதைக் கொஞ்சம் தள்ளி நின்று கவனியுங்கள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும்; நத்தையைப் பிடித்து உள்ளிருப்பதை உருவி எடுக்க அமைந்த அலகு அது. பறவைகளே முக்கியம் என்பவர்கள் தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி சாலையில் சுமார் 25 கிலோமீட்டர் ஓட்டி வடுவூர் ஏரிக்குப் போகலாம். திருவையாற்றிலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டி, திருமானூர் வழியாக அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிக்கும் போகலாம். வடுவூர் 2022-லும் கரைவெட்டி 2024-லும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து கரைவெட்டியில் வந்து இறங்குகிறது. இரண்டுமே பாசன ஏரிகள், மேட்டூர்த் தண்ணீர் வந்து நிரம்புபவை. விவசாயிக்காகத் தேக்கிய தண்ணீரில்தான் இத்தனை பறவைகளும் பிழைக்கின்றன.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாதங்களில் வாடை வீசும், வடகிழக்கிலிருந்து வரும். கல்லணையிலிருந்து கிழக்கே போகும்போது நிலம் கண்ணுக்குத் தெரியாத அளவில் சரிந்துகொண்டே போகிறது, இல்லாவிட்டால் தண்ணீர் ஏன் கடலுக்குப் போகிறது? ஆனாலும் வாடை எதிரே நிற்கும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காலையில் கால் தெம்பாக இருக்கும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள். மதியத்துக்கு மேல் களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும். மாற்றிப் போனால் கடைசிப் பத்து கிலோமீட்டர் பெரும்பாடாகிவிடும். மாலை ஆறுக்கு முன்பே சூரியன் இறங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். முன்னால் ஒரு லைட், பின்னால் சிவப்பு விளக்கு, இரண்டும் கட்டாயம். புயல் சின்னம் என்று செய்தி வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்; டிசம்பரிலும் புயல் வரும்.

கியர் சைக்கிள் வாங்க வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. டெல்டாவில் ஏற்றமே இல்லை. வீட்டு மூலையில் துருப்பிடித்துக் கிடக்கும் சாதா சைக்கிள் போதும். கடையில் கொடுத்து ஓவராயில் செய்து, பிரேக் கட்டை மாற்றி, இரண்டு டயரிலும் காற்றடித்துக்கொள்ளுங்கள். ஒரு பஞ்சர் கிட், ஒரு கைப்பம்பு, ஒரு துண்டு. சாப்பாடு கட்டிக்கொண்டு போகாதீர்கள். வழியெல்லாம் டீக்கடை இருக்கிறது. திருவையாற்றில் பாசிப்பருப்பில் கிண்டிய அசோகா இருக்கிறது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் கேள்வி வரும். "என்ன தம்பி, எங்கேருந்து வர்றீங்க? சைக்கிள்லயேவா?" அந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லுங்கள்; பேச்சு தானாக வயலுக்கு வந்துவிடும். முறைப்பாசனமா, மதகுச் சட்ரஸ் எப்போது திறந்தார்கள், கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா, போன மழையில் எந்தப் பக்கம் பயிர் மூழ்கியது என்று கேட்டுக் கேட்டுத்தான் நான் இந்தப் பகுதியைப் பற்றித் தெரிந்துகொண்டது அத்தனையும். கனமழை பெய்த வருஷங்களில் கதிர் தண்ணீரில் சாய்ந்து கிடக்கும் வயல்களும் கண்ணில் படும். அங்கே போட்டோ எடுப்பதற்காக நிற்க வேண்டாம். வரப்பில் ஆள் நின்றால் இறங்கி நாலு வார்த்தை விசாரித்துவிட்டு வாருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் எல்லோருக்கும். இனிச் சொல்வது பெண்களுக்கு, அதிலும் குறிப்பாகப் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்கு.

டெல்டாவின் தென்மேற்கு எல்லையில், ஆற்றுத் தண்ணீர் அதிகம் எட்டாத அந்த மாவட்டத்தில், 1991-ல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முழு மூச்சாகத் துணை நின்றார். குவாரியில் கல் உடைத்தவர்கள், வயல் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், பூ விற்றவர்கள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒன்றரை ஆண்டுக்குள் ஓட்டப் பழகினார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில் பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியதால் இந்தக் கதை நாடு முழுக்கத் தெரிந்தது. லேடீஸ் சைக்கிள் கிடைக்காத கடைகளில் பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கிக்கொண்டார்கள். சீட்டிலிருந்து ஹேண்டில் வரை போகும் குறுக்குப் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள்.

அன்று இருபது, இருபத்தைந்து வயதில் சைக்கிள் கற்றவர்களுக்கு இன்று ஐம்பதுக்கு மேல். பஸ் ஸ்டாண்டுக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓட்டியிருப்பார்கள். கேரியரில் தண்ணீர்க் குடம் கட்டி ஓட்டியிருப்பார்கள். எங்கே போகிறாய், ஏன் போகிறாய் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு வேலை எப்போதும் இருந்திருக்கும். வேலை எதுவும் இல்லாமல், வயலைப் பார்க்க மட்டுமே சைக்கிளில் கிளம்பும் சுதந்திரம் ஆண் பிள்ளைகளுக்குக் குரங்கு பெடல் போட்ட நாளிலேயே கிடைத்துவிட்டது. பெண்களுக்கு அது கிடைத்ததா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பதினோராம் வகுப்பில் அரசு தரும் சைக்கிளில் பள்ளிக்குப் போன பெண்களும் படிப்பு முடிந்ததும் அதைத் தம்பிக்கோ பக்கத்து வீட்டுக்கோ கொடுத்துவிடுவதைப் பார்க்கிறேன். அக்கா, அம்மா, தங்கச்சி, யாராக இருந்தாலும் சரி, இந்த மார்கழியில் ஒரு காலை உங்களுக்காக மட்டும் ஓட்டிப் பாருங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மூன்று பேர் சேர்ந்து போங்கள். வீட்டில் உள்ள ஆண்கள் அன்றைய காலைச் சமையலைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நாள் அதிகம் இல்லை. வழக்கமான ஆண்டில் மேட்டூர் அணையை ஜனவரி 28-ம் தேதி மூடுவார்கள்; பாசனத் தண்ணீர் வருவது அதோடு நிற்கும். அதற்கு முன்பே பொங்கலை ஒட்டிப் பல ஊர்களில் அறுவடை மிஷின் இறங்கிவிடும்; பாதி ரோட்டில் நெல் காயும்; அப்போது சைக்கிள் ஓட்டுபவர்கள்தான் ஒதுங்கிப் போக வேண்டும். ஆகவே டிசம்பர் கடைசி வாரத்தையோ ஜனவரி முதல் வாரத்தையோ இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

1991-ல் புதுக்கோட்டையில் சைக்கிள் பழகிய வாசகிகள் எங்களுக்கு எழுத வேண்டும். யார் பிடித்துக்கொண்டு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள், முதன்முதலில் தனியாக எந்த ஊர்வரை போனீர்கள், அந்த சைக்கிள் இப்போது எங்கே இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதுங்கள். எழுத்துப் பிழை பற்றிய கவலை வேண்டாம், அதைத் திருத்தத்தான் நாங்கள் இருக்கிறோம். பொங்கல் சிறப்பிதழில் அதற்காகப் பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்