ஓடுகிறது என்று யார் சொன்னது?

குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் ஒவ்வொரு சர்வரிலும் இருக்கிறது, அதுவே போதும்; எல்லாவற்றையும் ஓரிடத்திலிருந்து நிர்வகித்தால், அந்த ஓரிடம் விழும்போது அத்தனை வேலையும் நின்றுபோகும் என்கிறார்கள்.

ஒன்று. நிற்காது. ஓரிடத்திலிருந்து பல சர்வர்களை நிர்வகிக்கும் கருவியான அன்சிபிள், வேலைப்பட்டியலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு சரி. ஓட்டுவது அந்தந்தச் சர்வரின் கிரான்தான்.

இரண்டு. ஓடியது என்று எப்படித் தெரியும்? 2017 ஜனவரியில் மென்பொருள் குறியீட்டுத் தளமான கிட்லேப் தன் முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தது. வழக்கமான பேக்கப்பைத் தேடினால், இல்லை. போஸ்ட்கிரெஸ் 9.6 தரவுத்தளத்தை 9.2 காலத்து பிஜிடம்ப் என்ற பேக்கப் கருவி நகலெடுக்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. கிரான் எச்சரித்தது; அந்த மின்னஞ்சல்கள் அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் சோதனையில் நிராகரிக்கப்பட்டு யார் கையிலும் சேரவில்லை. நூறு சர்வர் வைத்திருப்பவர் எந்த நம்பிக்கையில் தூங்குகிறார்?

மூன்று. சர்வர் அணைந்திருந்தபோது தவறிய வேலையைச் சாதாரண கிரான் பிறகு ஓட்டாது. வேலைப்பட்டியலைத் திருத்தும் 'கிரான்டேப் -இ' கட்டளையில் பக்கத்து விசையைத் தட்டி '-ஆர்' ஆக்கினால், மொத்தப் பட்டியலும் கேள்வியின்றி அழியும். அதன் நகல் எங்கே இருக்கிறது?