செவ்வாயின் வயிற்றில் தண்ணீர்

செவ்வாய் தோஷம் என்பதாக ஒரு வார்த்தையைச் சொல்லி, நம் நாட்டில் எத்தனையோ பெண்களின் கல்யாணத்தைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். செவ்வாய் எந்த வீட்டில் இருக்கிறது என்று விரலை மடக்கிச் சொல்லும் ஜோசியரிடம், அந்தச் செவ்வாய் எதனால் ஆனது, அதற்குள் என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. ஆனால் அக்கிரகத்தின் ஒரு துண்டே நம் தேசத்தில் வந்து விழுந்திருக்கிறது என்பதும், அதை அறுத்துப் பார்த்தவர்கள் கிரகத்தின் உள்ளே தண்ணீர் இருந்ததற்கு அடையாளம் கண்டிருக்கிறார்கள் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1865-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25-ந் தேதி பீஹாரில் கயை ஜில்லாவைச் சேர்ந்த ஷெர்காட்டியில் சுமார் 5 கிலோ எடையுள்ள ஒரு கல் வானத்திலிருந்து விழுந்தது. செவ்வாய் பார்த்தாலே தோஷம் என்கிறார்களே, இங்கே செவ்வாயே நேரில் வந்துவிட்டது! அதைக் கையில் எடுத்தவர்களும் அறுத்தவர்களும் எந்தப் பரிகாரமும் செய்துகொண்டதாகத் தெரியவில்லை.

அது செவ்வாயின் துண்டுதான் என்பதற்கு என்ன ருஜு என்று கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். யாரும் ஞானதிருஷ்டியில் கண்டு சொன்னதல்ல. 1976-ல் அமெரிக்காவின் வைகிங் யந்திரங்கள் செவ்வாயில் இறங்கி அங்குள்ள காற்றை அளந்தன. தென் துருவப் பனியில் கண்டெடுத்த, ஷெர்காட்டிக் கல்லின் ஜாதியைச் சேர்ந்த ஒரு கல்லுக்குள் (ஜாதி என்னும் சொல்லைக் கல்லுக்கு மாத்திரமே உபயோகிக்கிறோம்) கண்ணாடி போல் உறைந்த பாகத்தில் கொஞ்சம் வாயு அடைபட்டிருந்தது. அதை அளந்து 1983-ல் வெளியிட்டார்கள். இரண்டு கணக்கும் ஒத்திருந்தன. செவ்வாயின்மேல் பெரும் பாறைகள் மோதியபோது தெறித்த துண்டுகளே இப்படி ஆகாயத்தில் வெகுகாலம் அலைந்து நம்மிடம் வந்து சேர்ந்தவை.

இனித் தண்ணீர் விஷயம். கல்லைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. ஷெர்காட்டிக் கல் எரிமலைக் குழம்பு உறைந்து ஆனது. அதற்குள் அபடைட் என்னும் தாது பொடிப்பொடி மணிகளாக இருக்கிறது. நம் பல்லும் எலும்பும் இதே வகைத் தாதுவினால்தான் உறுதி பெற்றிருக்கின்றன. சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் சேர்ந்து இத்தாது உண்டாகும்போது, அதன் அமைப்பில் ஓர் இடம் காலியாக இருக்கும். புளோரின், குளோரின், தண்ணீரின் கூறாகிய ஹைட்ராக்சில் ஆகிய மூன்றில் ஒன்று அங்கே போய் உட்காரும். ஆகவே குழம்பில் தண்ணீர் கலந்திருந்தால், அதன் அடையாளம் மணிக்குள் சிக்கிக்கொள்ளும். மின்சாரமேறிய அணுக்களைத் தாரையாகப் பாய்ச்சி, மணியிலிருந்து தெறிப்பவற்றை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் யந்திரம் இருக்கிறது.

மெக்கபின் முதலிய அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் இப்படி ஷெர்காட்டிக் கல்லையும், தென் துருவத்தில் கிடைத்த மற்றொரு செவ்வாய்க் கல்லையும் சோதித்து 2012-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். இக்கற்கள் செவ்வாயின் மேலோட்டுக்கு அடியிலுள்ள எந்தப் பாறை உருகி வந்தனவோ, அதில் பத்து லட்சம் பங்குக்கு 70 முதல் 300 பங்கு வரை தண்ணீர் இருந்தது என்பதே அது. அதாவது ஆயிரம் கிலோ பாறையில் அரை ஆழாக்குக்கும் குறைவிலிருந்து, ஏறக்குறைய இரண்டு ஆழாக்கு வரை. அற்பம் என்று தோன்றலாம். நாம் நிற்கும் பூமியின் மேலோட்டுக்கு அடியிலும் சுமார் 50 முதல் 300 பங்குதான் இருக்கிறது. செவ்வாய் உண்டாகும் காலத்திலேயே தண்ணீர் அதன் உள்ளே சேர்ந்து, பிறகு எரிமலைகள் வழியாக மேலே வந்திருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள்.

நிற்க. இதைக் கேட்டவுடன் செவ்வாய்க்குள் சமுத்திரம் இருக்கிறதென்று நம்மவர்கள் மேடையில் பேசக் கிளம்பிவிடக் கூடாது. சந்திரனிலிருந்து கொண்டுவந்த கற்களிலும் இதே அபடைட்டைப் பார்த்து, சந்திரனுக்குள்ளும் தண்ணீர் நிறைய இருந்திருக்க வேண்டும் என்றார்கள். 2014-ல் பாய்ஸ் முதலியோர் கணக்குப் போட்டு அதற்கு ஆட்சேபணை சொன்னார்கள். அபடைட் எல்லோரையும் சமமாக உட்கார வைப்பதில்லை. புளோரினுக்கு முதல் பந்தி, குளோரினுக்கு அடுத்த பந்தி, ஹைட்ராக்சிலுக்குக் கடைசிப் பந்தி. (கல்லுக்குள்ளும் பந்தி வித்தியாசமா என்று திகைக்க வேண்டாம், அங்கே அதற்குச் சாஸ்திரம் காரணமல்ல.) புளோரின் தீர்ந்த பிறகு உண்டாகும் மணிகளில், குழம்பில் தண்ணீர் குறைவாக இருந்தாலும் ஹைட்ராக்சில் மிகுதியாகக் காணும். கடைசிப் பந்தி நிரம்பியிருப்பதை மாத்திரம் பார்த்து, வந்த கூட்டம் எவ்வளவென்று சொல்லிவிட முடியுமா?

இந்த எச்சரிக்கை செவ்வாய்க் கணக்குக்கும் பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். அதனால் 70-ம் 300-ம் ஏறலாம், இறங்கலாம். மணிக்குள் ஹைட்ராக்சில் இருப்பது மாத்திரம் பிரத்தியட்சம். முன்னவர் முடிவைப் பின்னவர் ஆட்சேபித்ததற்காக யாரையும் நாஸ்திகர் என்று தள்ளி வைக்கவில்லை. இரு திறத்தாரும் தங்கள் கணக்கை அச்சிட்டுப் போட்டிருக்கிறார்கள். கல்லும் இருக்கிறது, யந்திரமும் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் மறுபடியும் அளந்து பார்க்கலாம்.