பனிக்கால வேட்டையும் புறக்கடைக் கோழியும்

மார்கழி, தை மாதங்களில் நமது கிராமங்களின் வாழ்க்கை நடை ஒருவாறு மாறுகின்றது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரியிலும் கண்மாயிலும் நீர் நிற்க, மானாவாரி நிலங்களின் விளைவு களத்துக்கு வந்து சேரும் காலம் இது. இரவு நீண்டது, பனியும் மிகுதி, வேலைகளுக்கிடையே சிறிது ஓய்வும் கிட்டுகின்றது. பொங்கலையொட்டி உறவினர் வருகையும் விருந்தும் நேர்வதால் இறைச்சியின் தேவை அதிகரிக்கின்றது. இந்த ஓய்வும் தேவையும் ஒன்று கூடும்போதுதான், காடும் கரம்பும் அடுத்துள்ள ஊர்களில் மான்வேட்டை என்னும் பழைய ஆசை தலையெடுக்கின்றது. அவ்வாசையை விலக்கி, அதே தேவையை வீட்டுப் புறக்கடையிலேயே நிறைவேற்றிக் கொள்வது சாத்தியம் என்பதும், அதற்கு நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் வழிகாட்ட வேண்டும் என்பதும் எமது அபிப்பிராயம்.

சட்ட நிலைமையை முதலில் அறிதல் நலம். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்த பின்னரும், லைசென்சு பெற்றுச் சில பிராணிகளை வேட்டையாடச் சிறிது காலம் இடமிருந்தது. 1991ஆம் வருஷத்துத் திருத்தத்தால் அதுவும் ஒழிந்தது. புள்ளிமானாயினும் கடமானாயினும் வெளிமானாயினும், இன்று எதனையும் விருந்துக்காகக் கொல்லுதல் குற்றமேயாகும். வெளிமான் முதலாம் அட்டவணையைச் சேர்ந்தது. அதனைக் கொல்வோருக்கு 3 முதல் 7 வருஷம் வரை சிறைவாசமும், 2022ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. கொன்றவன் மட்டுமன்றி, அந்த இறைச்சியை வாங்கியவனும் வீட்டில் வைத்திருந்தவனும் குற்றத்தினின்று தப்ப இயலாது. பயிர்க்காவலுக்கென்று பெற்ற துப்பாக்கி லைசென்சு, மானைச் சுடுவதற்கு அளித்த உத்தரவாகாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

தண்டனைக்கு அஞ்சி மட்டும் இதனைக் கைவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. கணக்கும் அதனையே கூறுகின்றது. புள்ளிமான் ஏழு மாதங்களுக்கு மேல் சினை சுமந்து, பெரும்பாலும் ஒரே ஒரு குட்டியை ஈனுகின்றது. ஊர் கூடிப் பகிர்ந்தால் ஒரு மான் ஒருநாள் விருந்துக்கு மேல் நில்லாது. வறண்ட சமவெளிகளில் முன்னாளில் பரவலாக மேய்ந்த வெளிமானை இன்று கோடியக்கரை, வல்லநாடு, கிண்டி முதலிய சில இடங்களில்தான் காண முடிகின்றது. முதலிரண்டு இடங்களும் முறையே 1967, 1987ஆம் வருஷங்களில் சரணாலயங்களாக ஏற்பட்டவை. இதற்கு மாறாக, அடைக்கு வந்த ஒரு நாட்டுக்கோழியின் கீழ் 12 முட்டைகளை வைத்தால் 21 நாளில் குஞ்சுகள் வெளிவருகின்றன. தானே இரை தேடும் நாட்டுப் பெட்டை ஒன்று வருஷத்திற்கு ஏறக்குறைய 60 முட்டைகளேனும் இடும். பத்துப் பெட்டைகள் உள்ள வீட்டிற்கு இது 600 முட்டையாகின்றது.

வேட்டையை ஆதரிப்போர் கூறும் நியாயங்கள் இரண்டு. மான்கள் பயிரை மேய்ந்து அழிக்கின்றன என்பது முதலாவது. இது மெய்யான குறையே. இரவெல்லாம் பனியில் பரண்மீதிருந்து கடலைக்கொல்லையைக் காப்பவனின் துன்பத்தை நாம் அலட்சியம் செய்யலாகாது. ஆயினும், பயிருக்கு ஊறு செய்யும் பிராணிகளைப் பற்றிச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கூறும் நடவடிக்கை எதுவாயினும், அதற்கு உத்தரவிடும் அதிகாரம் உரிய வன அதிகாரிக்கே உரியது. நிலத்துக்குடையவனுக்கு அது இல்லை. ஆகவே காட்டிலாகாவுக்கு எழுத்து மூலம் தெரிவித்து, கிராம நிர்வாக அதிகாரியின் மூலம் சேதத்தைப் பதிவு செய்து கொள்வதே தக்க முறை. சுருக்குக் கண்ணியும், அவுட்டுக்காயும், வேலியில் திருட்டு மின்சாரமும் மானையும் பன்றியையும் மட்டும் கொல்வதில்லை. மேய்ச்சலுக்குச் சென்ற பசுவும், விடியற்காலையில் நீர் பாய்ச்சச் சென்ற மனிதரும் அவற்றிற்குப் பலியாகின்றனர்.

இரண்டாவது நியாயம் வழக்கம். பொங்கலையும் சிவராத்திரியையும் ஒட்டிப் பாரிவேட்டை என்ற பெயரால் நாய்களோடும் தடிகளோடும் புறப்படும் பழக்கம் சில ஊர்களில் இருந்து வருகின்றது. காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாள் மாட்டுப் பொங்கலன்று பழையசீவரத்திற்குப் பாரிவேட்டைக்கு எழுந்தருளுகின்றார். அவ்வுற்சவத்தில் எந்தப் பிராணியும் கொல்லப்படுவதில்லை. தெய்வத்தின் வேட்டையே இங்ஙனம் நிறைவேறுமாயின், ஊராரின் வேட்டையையும் ஊர்வலமும் விளையாட்டுமாக நடத்திக் கொள்ளலாமன்றோ? வேட்டைக்குப் பழக்கிய நாய்கள் பின்னர் ஊர்க் கோழிகளையே பிடிக்கும் கதையும் நாம் அறியாததன்று.

இனிப் புறக்கடையைக் கவனிப்போம். கோழி வளர்த்துப் பயனில்லை என்று குடியானவர்கள் மனம் சலிப்பதற்கு முக்கிய காரணம் வெள்ளைக்கழிச்சல் நோய். இமயமலையடுத்த இராணிக்கேத்தின் பெயரால் வழங்கும் இந்நோய் கண்ட கோழிகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்துத் திருகி, இரண்டொரு நாளில் கூட்டத்தோடு மடிகின்றன. நோய் வந்தபின் மருந்தில்லை. முன்னரே தடுப்பதொன்றே வழி. குஞ்சுக்கு 7ஆம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்தும், 8ஆம் வாரத்தில் இறக்கையில் தோலின் கீழ் ஊசியும் போடுதல் வேண்டும். தீவனத்தோடு கொடுக்கும் குருணை மருந்தினைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியுள்ளது. கால்நடை இலாகாவார் தடுப்பூசி முகாம் நடத்தும்போது, கோழிகளை விடியுமுன் கூட்டைவிட்டுத் திறந்துவிடாது வைத்திருக்கும்படி முதல்நாளே தண்டோராப் போட்டு அறிவிப்பது கிராம அதிகாரிகள் எளிதில் செய்யக்கூடிய உதவி. நோய் கண்ட கோழியை அவசரமாகச் சந்தைக்கு அனுப்புவோர் அடுத்த ஊருக்கும் நோயை அனுப்புகின்றனர்.

பனிக்காலத்தில் குஞ்சுகளுக்கு உஷ்ணம் அவசியம். தாயின்றி வளரும் குஞ்சுகளுக்கு முதல் வாரத்தில் 95 டிகிரி பாரன்ஹீட் உஷ்ணம் இருக்க வேண்டும். பின்னர் வாரந்தோறும் 5 டிகிரி குறைத்து வரலாம். கூட்டின் தரை ஈரமின்றியும், கீரியும் வெருகும் நுழையாதபடி கதவு உறுதியாகவும் இருத்தல் வேண்டும். இப்பருவத்தில் வலசை வரும் நீர்ப்பறவைகளைப் பிடித்து வீட்டிற்குக் கொணர்தல் குற்றமுமாகும், அபாயமுமாகும். கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் ஜில்லாக்களின் வாத்துப் பண்ணைகளில் 2014 நவம்பரிலும் 2021 ஜனவரியிலும் பறவைக் காய்ச்சல் கண்டதை நினைவு கூர்க. காரணமின்றிப் பல பறவைகள் ஒருங்கே இறப்பின், உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

கோழியின் வருவாய் பெரும்பாலும் வீட்டுப் பெண்டிர் கையில் சேர்வது. குழந்தைகளின் ஆகாரத்திற்கும் அவசரச் செலவிற்கும் உதவுவது. வேட்டையால் ஒருநாள் விருந்தும் பலநாள் வழக்கும் வரக்கூடும். வரும் பனிக்காலத்திற்குள் ஒவ்வொரு நிலச்சுவான்தாரும் தம் பண்ணையாட்களின் வீடுகளுக்கு ஒரு சேவலும் சில பெட்டைகளும் கிடைக்க உதவி, தம் நிலத்தில் கண்ணி வைப்பதைக் கண்டிப்பாகத் தடுப்பாராயின், ஊருக்கும் காட்டுக்கும் ஒருங்கே நன்மை விளையும். இதற்குக் கிராம அதிகாரிகளும் துணை நிற்பார்களென நம்புகின்றோம்.