பிரெஞ்சு படிக்கலாம், தமிழ் இருந்த இடத்திலா?

கோலார் மாவட்டம் பங்காருபேட்டை தாலுகாவில் உள்ள பூதிகோட்டை, ஐதர் அலி பிறந்த ஊர். எழுதப் படிக்கத் தெரியாத அவர், பல மொழிகளில் தடையின்றிப் பேசினார் என்று வரலாற்று ஆசிரியர்கள் கூறுகிறார்கள். அவருடைய படையில் பிரெஞ்சு அதிகாரிகள் பணி புரிந்தார்கள். அவர் மகன் திப்பு சுல்தானின் தூதர்கள், 1788-ம் ஆண்டில் பாரீஸ் நகருக்கே சென்றார்கள்.

அன்று பீரங்கியோடு வந்த பிரெஞ்சு மொழி, இன்று பாடப்புத்தகத்தோடு வருகிறது. கூடவே ஸ்பானிஷ் மொழியும் வருகிறது. பெங்களூரில் உள்ள தனியார் பள்ளிகள் பல, உயர்நிலை வகுப்புகளில் இவற்றைக் கற்றுக்கொடுக்கின்றன. "நம் பிள்ளைக்கும் பிரெஞ்சு கொடுத்தால் என்ன?" என்று தமிழ்ப் பெற்றோர் கேட்பதில் வியப்பு இல்லை.

தங்கவயல் சுரங்கங்கள் 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி மூடப்பட்டன. வட ஆற்காடு, சித்தூர் பக்கங்களில் இருந்து வந்து பூமிக்கு அடியில் உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று மாரிகுப்பத்திலும் பங்காருபேட்டையிலும் ரெயில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அங்கே வெளிநாட்டு மொழி தெரிந்தவர்களைத் தேடும் கம்பெனிகள் இருக்கின்றன. ஆகவே ஆசை நியாயமானது. ஆனால் அந்த மொழியை எந்த இடத்தில் உட்கார வைப்பது என்பதுதான் கேள்வி.

மூன்றே நாற்காலிகள்

கர்நாடக மாநிலப் பாடத்திட்டத்தில் எஸ்.எஸ்.எல்.சி. மாணவர் மூன்று மொழிகள் படிக்கிறார். முதல் மொழிக்கு 125 மார்க். மற்ற இரண்டுக்கும் தலா 100. முதல் மொழியாக எடுக்கக்கூடியவற்றில் தமிழும் ஒன்று. தமிழ் முதல் மொழி, ஆங்கிலம் இரண்டாவது, கன்னடம் மூன்றாவது என்று எடுத்தால் மூன்று நாற்காலிகளும் நிரம்பி விடுகின்றன.

தமிழுக்கு இந்த இடம் சும்மா நிலைத்துவிடவில்லை. 1980-ம் ஆண்டில் அமைக்கப்பட்ட கோகக் கமிட்டி, மறு ஆண்டு அறிக்கை கொடுத்தது. உயர்நிலைப் பள்ளிகளில் கன்னடமே ஒரே முதல் மொழியாக இருக்க வேண்டும் என்றது. நடிகர் ராஜ்குமார் தலைமையில் பெரும் கிளர்ச்சி நடந்தது. 1982 ஜூலையில் குண்டுராவ் அரசு அப்படியே உத்தரவு போட்டது. மொழிச் சிறுபான்மையினர் கோர்ட்டுக்குப் போனார்கள். கன்னடத்தை ஒரே முதல் மொழியாக்கிய பகுதி செல்லாது என்று 1989-ல் கர்நாடக ஐகோர்ட்டு தீர்ப்பு அளித்தது. அதன்பின் அரசு பிறப்பித்த புதிய உத்தரவை 1993 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு ஏற்றுக்கொண்டது.

கிளர்ச்சிக்கு மூலகாரணம் எது என்று பார்த்தால் இன்றைய விஷயம் விளங்கும். கன்னட வீட்டுப் பிள்ளைகளே, நிறைய மார்க் கிடைக்கிறது என்பதற்காகக் கன்னடத்தை விட்டுவிட்டு சமஸ்கிருதத்தை முதல் மொழியாக எடுத்து வந்தார்கள். தாய்மொழியை மார்க் தள்ளிவிட்டதே என்ற ஆத்திரம்தான் தெருவுக்கு வந்தது.

தமிழ்நாட்டிலும் இதே கதை நடந்தது. மெட்ரிகுலேஷன் பள்ளிகளில் தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுத்து, மார்க் வாங்கிக்கொண்டு, தமிழ் எழுதத் தெரியாமலே வெளியேறியவர்கள் உண்டு. 2006-ம் ஆண்டில் தமிழ் கற்றல் சட்டம் வந்த பிறகுதான், 10-ம் வகுப்பு வரை தமிழ் படிப்படியாகக் கட்டாயம் ஆயிற்று. கர்நாடகமும் 2015-ல் கன்னடம் கற்றல் சட்டம் கொண்டு வந்தது.

அடிக்கடி மாறும் இடம்

மத்திய அரசின் 2020-ம் ஆண்டு கல்விக் கொள்கை, உயர்நிலை வகுப்புகளில் பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன், ஜப்பான் மொழி முதலியவற்றைக் கற்பிக்கலாம் என்கிறது. ஆனால் மூன்று மொழிகளில் இரண்டு இந்திய மொழிகளாக இருக்க வேண்டும் என்றும் அதே கொள்கை கூறுகிறது. ஆங்கிலம் ஒன்று, இந்திய மொழிகள் இரண்டு என்றால் பிரெஞ்சுக்கு மிச்சம் இருப்பது நான்காவது இடம்.

சுகதேவ் தோரட் தலைமையிலான கர்நாடக மாநிலக் கல்விக் கொள்கைக் குழுவோ, 2025 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையில் இரு மொழித் திட்டத்தைச் சிபாரிசு செய்தது. அந்தக் கணக்கில் மூன்றாவது நாற்காலியே கிடையாது.

வெளிநாட்டு மொழிக்குப் பள்ளியில் உள்ள இடம் எவ்வளவு உறுதியற்றது என்பதற்கு கேந்திரிய வித்யாலயா பள்ளிகளே சாட்சி. அங்கே ஜெர்மன் மூன்றாவது மொழியாக இருந்தது. 2014 நவம்பரில், படிப்பு ஆண்டின் நடுவிலேயே, அது நீக்கப்பட்டு சமஸ்கிருதம் வந்தது. திண்டாடியது பிள்ளைகள்தான்.

வேலைக்கு எது உதவும்?

ஐரோப்பிய மொழிகளின் தேர்ச்சியை ஏ-1 முதல் சி-2 வரை ஆறு படிகளாக அளக்கிறார்கள். பேசி வேலை செய்ய வேண்டிய உத்தியோகங்களுக்குப் பெரும்பாலும் நான்காவது படியான பி-2 கேட்கிறார்கள். வாரத்துக்குச் சில பீரியட்களில் படிக்கும் பள்ளிப் பாடம், ஆரம்பப் படிகளைத் தாண்டுவது அரிது. பிரெஞ்சுக்கு டெல்ஃப், ஸ்பானிஷுக்கு டெலே என்ற தனித் தேர்வுகள் இருக்கின்றன. வேலை கொடுப்பவர் பார்ப்பது அந்தச் சான்றிதழையும் பேச்சையுமே தவிர, 10-ம் வகுப்பு மார்க்கை அல்ல.

இந்தத் தேர்வுகளைக் கல்லூரி நாட்களிலும், வேலைக்குப் போன பிறகும் எழுதலாம். பெங்களூர் வசந்த் நகரில் உள்ள அலையான்ஸ் பிரான்சேஸ் போன்ற நிலையங்களில் பெரியவர்களுக்கும் வகுப்புகள் உண்டு.

புதுச்சேரியின் நிலை வேறு. 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த அந்த ஊரில், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்கு அது உறவு மொழி, பென்ஷன் மொழி. தங்கவயல் தொழிலாளிக்கு அப்படி அல்ல.

அவருடைய பிள்ளைக்குக் கன்னடம் தேவை. மாநில அரசு உத்தியோகத்துக்கு அது இல்லாமல் முடியாது. ஆங்கிலம் தேவை. தமிழ், வீட்டில் காதால் மட்டும் கேட்டால் எழுத்து வராது. பிரெஞ்சை 20 வயதில் தொடங்கி வென்றவர்கள் உண்டு. பள்ளியில் தமிழ் எழுத்தைக் கைவிட்டு, 20 வயதில் வந்து கற்றுக்கொண்டவர்களைக் காண்பது கடினம்.

இன்னொன்றும் உண்டு. தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடம் போகும். பணியிடம் போனால், விரும்பிக் கேட்கும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் தமிழ் கிடைக்காது. கோர்ட்டில் நிலைத்த உரிமை, வருகைப் பதிவேட்டில் தோற்றுவிடும்.

மத்திய செகண்டரி கல்வி போர்டின் மொழிப் பட்டியலில் பிரெஞ்சு, ஸ்பானிஷ் இருப்பது போலவே தமிழும் இருக்கிறது. பள்ளி நிர்வாகம் கொடுத்தால்தான் கிடைக்கும். பெற்றோர் சேர்ந்து கேட்டால்தான் நிர்வாகம் யோசிக்கும். பிள்ளையைச் சேர்க்கும் நாளில் "பிரெஞ்சு உண்டா?" என்று கேட்கும் தகப்பனார், "தமிழ் உண்டா?" என்பதை முதலில் கேட்க வேண்டும்.