கியர் வழுக்கினால் முதலில் எதைப் பார்ப்பது?



இல்லத்தில் புழங்கும் பொருள்களைப் பழுதின்றிப் பேணும் முறைகளை இப்பகுதியில் எழுதி வருகிறோம். இம்முறை எடுத்துக்கொண்டது மிதிவண்டி. அதிலும் மின்விசையால் கியர் மாறும் மலை மிதிவண்டி.

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலுள்ள மங்களூர் போன்ற ஊர்களுக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். தமிழக அரசு 2001-ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு மிதிவண்டி வழங்கி வருவதால், சங்கிலியும் ஃப்ரீவீலும் நம் பிள்ளைகளுக்குப் பழகிய பொருள்களே. ஆனால் அவை கியர் இல்லாத வண்டிகள். வளைகுடாவில் பணியாற்றும் மகனோ, பெருநகரில் படிக்கும் பேரனோ ஒரு மின்கியர் வண்டியோடு ஊர் வந்து சேர்ந்தால், அது பழுதாகும் நாளில்தான் சிக்கல் எழுகிறது. உள்ளூர்க் கடைக்காரர் அதைத் தொடத் தயங்குவார். நகரத்துக் கடையிலோ, “முழுவதையும் மாற்ற வேண்டும்” என்று கூறிவிடலாம். வியர்வை சிந்திச் சேர்த்த பணம் பல்லாயிரக்கணக்கில் கரையும். பெரும்பாலான நேரங்களில் அச்செலவுக்குத் தேவையே இராது.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலை அறிந்தோர்க்கு ஒன்று தெரியும். சூளையிலிருந்து எடுத்த பொம்மையில் விரிசல் கண்டால், அனுபவசாலி உடனே சூளையின் மீது பழி போடமாட்டார். மண் சீராக உலராததால் நேர்ந்த குறையும் சூடேறிய பிறகே கண்ணுக்குத் தெரியும். மின்கியரும் அத்தகையதே. வழுக்கல் கியர் மாறும்போது வெளிப்படுகிறது; அதன் காரணமோ பெரும்பாலும் மின்கருவிக்கு வெளியே இருக்கிறது.

இக்கருவியின் வரலாறு நீண்டதன்று. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 2009-இல் சாலைப் பந்தய வண்டிகளுக்கும், 2014-இல் மலை வண்டிகளுக்கும் மின்கியரைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் 2019-இல் கம்பியே இல்லாத மலை வண்டிக் கியரை வெளியிட்டது. கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினால், பின்சக்கரத்தருகே உள்ள சிறு மோட்டார் சங்கிலியை அடுத்த பற்சக்கரத்துக்கு நகர்த்தும். பன்னிரண்டு பற்சக்கரங்கள் கொண்ட அடுக்கில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையேயுள்ள தொலைவு நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆகவே சிறிய கோணலும் பெரிய தொல்லையாகிறது.

சோதனையை வரிசை தவறாமல் செய்யுங்கள்.

முதலாவது, பேட்டரி. கியர் அறவே அசையாவிட்டால் இதையே பார்க்க வேண்டும். கம்பியில்லா வகையில் இரண்டு பேட்டரிகள் உண்டு. பின்னால் உள்ளதைச் சார்ஜ் செய்யலாம். கைப்பிடிப் பொத்தானில் காசு வடிவச் சிறு பேட்டரி இருக்கும். பின்னது நிறைந்திருந்தும் முன்னது தீர்ந்துபோயிருக்கலாம். வண்டியைப் பேருந்திலோ காரிலோ ஏற்றும்போது பின்பேட்டரியைக் கழற்றி வையுங்கள். அசைவு பட்டால் கருவி விழித்துக்கொண்டு மின்சக்தியை வீணாக்கும்.

இரண்டாவது, கொக்கி. கியர் கருவியைச் சட்டத்தோடு இணைக்கும் இந்த அலுமினியத் துண்டைக் கடைக்காரர்கள் ‘ஹேங்கர்’ என்பர். வண்டி விழுந்தால் விலையுயர்ந்த சட்டத்தைக் காக்கத் தான் வளைந்துகொடுக்கும்படியே அது செய்யப்பட்டுள்ளது. வண்டியின் பின்னால் நின்று நோக்குங்கள். சங்கிலி ஓடும் இரு சிறு சக்கரங்களும் பற்சக்கரத்தோடு ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் கொக்கி வளைந்துள்ளது எனக் கொள்ளலாம். அதைக் கையால் நிமிர்த்த வேண்டாம். அதற்கென அளவுகோல் உண்டு. அது உள்ள கடையில் கொடுங்கள், அல்லது கொக்கியை மட்டும் புதிதாக வாங்குங்கள். 2023-இல் ஸ்ராம் வெளியிட்ட புதிய வகையில் இக்கொக்கியே இல்லை. கருவி நேரடியாகச் சட்டத்தில் பொருந்துகிறது.

மூன்றாவது, சங்கிலி. பிள்ளைகளின் பள்ளிக்கூட அடிஸ்கேல் ஒன்றே இதற்குப் போதும். ஓர் ஊசியின் நடுவில் ஸ்கேலின் தொடக்கக் கோட்டை வைத்து, இருபத்து நான்காவது ஊசியை எண்ணுங்கள். புதுச் சங்கிலியில் அதன் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது. தேய்ந்த சங்கிலி பற்சக்கரங்களையும் அரித்துவிடும். சங்கிலியைவிட அவற்றின் விலை மிக அதிகம்.

இம்மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே நுண்திருத்தம் செய்யுங்கள். பொத்தான்களின் மூலம் கருவியை மயிரிழை அளவு உள்ளேயோ வெளியேயோ நகர்த்தும் வசதி இது. செய்யும் முறை வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும். இங்கு ஓர் அடையாளத்தை நினைவிற் கொள்ளுங்கள். எல்லாக் கியர்களிலும் ஒரே மாதிரி ஓசை எழுந்தால் நுண்திருத்தம் பயன் தரும். சிலவற்றில் சரியாகவும் சிலவற்றில் கோளாறாகவும் இருந்தால் கொக்கியை ஐயுறுங்கள். அதிகம் பயன்படுத்திய பற்சக்கரத்தில் மட்டும், அழுத்தி மிதிக்கும்போது வழுக்கினால் அது தேய்மானம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியதும் இதுவே. மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும் பிள்ளையின் காலடியில் சங்கிலி வழுக்கினால், மார்பு கைப்பிடியில் மோதும். பின்னால் லாரி வந்தால் விபரீதமாகும். எனவே வழுக்கும் வண்டியைப் பழுது நீக்கும் வரை சாலைக்கு அனுப்பாதீர்கள். கடைக்குச் செல்லும்போது, “கியர் கெட்டுவிட்டது” என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தப் பற்சக்கரத்தில், எப்போது வழுக்குகிறது என்று குறித்துக்கொண்டு செல்லுங்கள். அந்தச் சிறு குறிப்பு உங்கள் பணத்தையும் காக்கும், கடைக்காரரின் நேரத்தையும் காக்கும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் மழைக்காலத்தில் சங்கிலிக்கு எண்ணெயிடும் முறையைப் பார்ப்போம்.