மழலையும் முதல் வகுப்பும்

பெரும் பொருள் கொடுத்து விமானத்தின் முதல் வகுப்பில் செல்வோரிடையே ஒரு வாதம் உண்டு. “நாம் அமைதிக்காகப் பணம் கட்டுகிறோம், கைக்குழந்தை ஒன்று அழுது அதனைக் கெடுத்துவிடுகிறது. ஆதலின் குழந்தைகளை இவ்வகுப்பில் ஏற்றலாகாது” என்பர். இது வெறும் முணுமுணுப்பு அன்று. 2011ஆம் ஆண்டில் மலேசிய விமான நிறுவனம் தன் முதல் வகுப்பில் கைக்குழந்தைகளுக்கு இடமில்லை என்னும் விதியை வெளிப்படுத்தியது. 2016இல் இந்தியாவின் இண்டிகோ நிறுவனம், 12 வயதுக்குட்பட்டோர் அமரலாகாத அமைதி வரிசைகள் சிலவற்றை வகுத்தது.

தேயிலை மலைகளில் வாழும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். குழந்தையை எங்கே இருத்துவது என்னும் வினா நமக்குப் புதிதன்று. விடியலில் கூடையுடன் மலையேறும் தாய், தன் மகவைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுச் செல்வது தோட்டத்து வழக்கம். அப்பிரிவுக்கு நியாயம் உண்டு. செங்குத்தான சரிவும் மழையும் அட்டையும் சிசுவுக்கு ஆகா. காம்பராவிலோ பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. வேலையிடையே பாலூட்டி வரத் தாய்க்கு இடைவேளையும் சட்டத்தில் உண்டு. எல்லாக் காம்பராக்களும் குறையற்றவை என்று எவரும் சொல்லார். ஆயினும் அவற்றை நாம் அளக்கும் கோல் ஒன்றே: குழந்தைக்கு இது நலமா? தாய்க்கு இது எட்டுமா?

அதே கோலை விமானத்துக்கும் பிடித்துப் பார்ப்போம். பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீற்றர் வரை உயர்ந்த மலையில் உள்ளதை ஒத்திருக்கும். நுவரெலியாவின் உயரம் 1,868 மீற்றர். கடற்கரையிலிருந்து நம் மலைக்கு ஏறி இறங்கும்போது காது அடைப்பதை நாம் அறிவோம். விமானம் தரையிறங்கும் வேளையில் குழந்தைக்கும் அதுவே நேர்கிறது. விழுங்கினால் அடைப்பு நீங்கும் என்பது பெரியவர்க்குத் தெரியும். சிசுவுக்குத் தெரிந்தது அழுகை ஒன்றே. பால் புகட்டினால் பெரும்பாலும் தணியும். அதற்குத் தாய்க்கு வேண்டியது சற்று விசாலமான இடம். அவ்விடம் இருக்கும் வகுப்பின் கதவையே அவளுக்கு அடைப்பது எந்த நீதி?

வள்ளுவர் போற்றியது மழலையை. நள்ளிரவு ஓலத்தை அன்று என்று எதிர்த்துரைப்பாரும் உளர். அவர்தம் களைப்பு மெய்யே. ஆகவே சில வரிசைகளை அமைதிக்கென ஒதுக்குவதில் பிழை காணேன். அதே வகுப்பில் குழந்தைக்கும் நல்லிடம் இருத்தல் வேண்டும், அவ்வளவே. அழும் குழந்தையைத் தேற்ற முயலாது வாளாவிருக்கும் பெற்றோரையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஒரு வகுப்பு முழுவதையும் குழந்தைக்கு மூடுவது வேறு. அங்கே குழந்தையின் நலமும் இல்லை, தாயின் நலமும் இல்லை; பிறர் வசதி ஒன்றே உண்டு. பயணச்சீட்டு இருக்கையை வாங்கித் தரும். உடன் பயணிப்போரைத் தெரிந்தெடுக்கும் உரிமையை வாங்கித் தராது.

விமானத்தில் இதனை ஒப்புக்கொண்டோமாயின், நாளை அது நம் புகையிரதத்துக்கும் வரும். 1885இல் நானுஓயாவையும் 1924இல் பதுளையையும் எட்டிய அந்த இருப்புப்பாதை, தோட்டங்களின் விளைச்சலைச் சுமப்பதற்காகவே மலையேறியது. அதன் முதல் வகுப்புப் பெட்டியில் அமர்ந்து, கொழுந்து பறிக்கும் பெண்ணைச் சன்னல் வழியே கண்டு களிப்போர் பலர். அவளே ஒருநாள் சீட்டு வாங்கி, இடுப்பில் குழந்தையுடன் அப்பெட்டியில் ஏறினால் அவர்கள் முகம் சுளிக்கலாமா?