மணல் பார்த்துக்கொள்ளாது

மரைன் டேங்க் வைக்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், கொளத்தூர் முதல் கோவை வரை எந்த மீன் கடையிலும் முதலில் வந்து இறங்குவது வெள்ளை வெளேரென்ற கோரல் சாண்ட் மூட்டைதான். கூடவே ஒரு வாக்குறுதியும் வரும். “இதப் போட்டுட்டீங்கன்னா பிஎச் பத்தி கவலையே வேணாம் சார். கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு அதுவே பாத்துக்கும்.” வாங்குகிறவரும் நம்புகிறார், விற்கிறவரும் நம்புகிறார். இரண்டு பேரும் ஏமாந்த வியாபாரம் இது.

கோரல் சாண்டும் அரகோனைட் மணலும் அடிப்படையில் ஒன்றுதான்: கால்சியம் கார்பனேட். அரகோனைட்டில் பேர்பெற்றது பஹாமாஸ் தீவுகளின் ஊலைட் மணல். ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடலில், நீரில் இருக்கும் கால்சியம் கார்பனேட் ஒரு துகளின் மேல் படிந்து படிந்து, வெங்காயம்போல அடுக்கடுக்காக வளர்ந்த உருண்டை மணிகள் அவை. எந்தக் கடல்நீர் அந்த மணியைக் கட்டியதோ அதே மாதிரியான நீரில் அது ஏன் கரைய வேண்டும்? வெப்பமண்டலக் கடலின் மேல்மட்ட நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, பிஎச் 8.1 அளவில் இருக்கும். அந்த நிலையில் கால்சியம் கார்பனேட் கொள்ளும் மட்டும் கொண்டு, அதற்கு மேலும் நிறைந்திருக்கிறது அந்த நீர். நம் தொட்டி நீரும் அதே கதைதான். போதாக்குறைக்கு, சில வாரங்களில் மணியின் மேல் பாஸ்பேட்டும் அழுக்கும் பாக்டீரியாவும் பூசிக்கொள்கின்றன. கனமான மணல் படுக்கையின் அடியில், காற்றோட்டமில்லாத இடத்தில் பிஎச் இறங்கி ஏதோ கொஞ்சம் கரையலாம். ஒரு தொட்டிப் பவளத்தின் பசிக்கு அது காணாது.

இதற்குச் சாட்சி வேண்டுமென்றால் பெரிய பவளத் தொட்டி வைத்திருப்பவர்களின் கால்சியம் ரியாக்டரைப் பாருங்கள். உள்ளே இருப்பது இதே பவளச் சில்லுகள். அவற்றைக் கரைப்பதற்காகச் சிலிண்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு செலுத்தி, அந்த அறைக்குள் மட்டும் பிஎச்சை 6.5 வாக்கில் இறக்குகிறார்கள். தானாகவே கரையும் பொருளுக்கு சிலிண்டர் எதற்கு?

நம்பிக்கை வானத்திலிருந்து விழவில்லை. நன்னீரில் இது உண்மை. மலாவி ஏரி சிக்லிட் வளர்ப்பவர்கள் கோரல் சாண்ட் போட்டால், தாது குறைந்த மென்மையான நீரில் அது கரையும், நீரின் கடினத்தன்மை கூடும், பிஎச் ஏறும். அங்கே பலித்ததை அப்படியே உப்புநீருக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அப்படியானால் பிஎச் ஏன் இறங்குகிறது? பெரும்பாலும் அறைக் காற்றுதான் காரணம். ஏசி போட்டு, கதவைச் சாத்தி, நாலு பேர் படுத்துறங்கும் அறையில் கார்பன் டை ஆக்சைடு ஏறும். அது தொட்டி நீரிலும் இறங்கும். சோதனை எளிது. ஒரு டம்ளர் தொட்டி நீரை மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் ஏர் பம்ப் ஓட விட்டு அளந்து பாருங்கள். பிஎச் ஏறினால் குற்றவாளி உங்கள் படுக்கையறை. கேஎச், அதாவது நீரின் கார்பனேட் கடினத்தன்மை, குறைவது தனிச் சங்கதி. பவளங்கள் எலும்புக்கூடு கட்ட அதை இழுத்துக்கொள்கின்றன. கழிவை நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவும் தின்கிறது. அதை ஈடுகட்ட அடுப்படி ஆப்ப சோடாவே போதும், அளந்து, கரைத்து, மெதுவாக ஊற்றினால்.

மணலைத் தேர்ந்தெடுக்க வேண்டியது வேறு கணக்கில்: மணியின் அளவிலும், அதில் வாழப்போகிறது யார் என்பதிலும். இரவில் மணலுக்குள் புதைந்து தூங்கும் ராஸ் மீன்களுக்குக் கூர்முனைப் பவளச் சில்லு உடம்பைக் கிழிக்கும். டைமண்ட் கோபி வாய் நிறைய மணலை அள்ளி, செவுள் வழியாகச் சலித்துத் துப்பித்தான் இரை தேடும். 1 மில்லிமீட்டர் அளவிலான மென்மணி இல்லாமல் அது பட்டினி கிடந்து சாகும். ஜாஃபிஷ் வளை தோண்டுவது, அதற்குப் பொடிமணலும் சிறு கற்களும் கலந்த ஆழமான படுக்கை வேண்டும். ஆனால் மாவுபோன்ற மணலைப் போட்டுவிட்டு வேவ்மேக்கரை முழு வேகத்தில் ஓட்டினால் தொட்டியில் புழுதிப் புயல்தான். 3, 4 மில்லிமீட்டர் சில்லு பறக்காது. ஆனால் அதன் இடுக்குகளில் மீன் எச்சமும் மிச்சத் தீனியும் தங்கி நைட்ரேட்டை ஏற்றிக்கொண்டே இருக்கும், சைபன் செய்ய மறந்தால். இதில் எதுவும் வேண்டாம் என்று வெறும் கண்ணாடித் தரையோடு ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்கள் தொட்டியில் பிஎச் சரிந்து மீன் மிதக்கவில்லை. இந்த ஒன்றே கடைக்காரர் வாக்குறுதிக்குப் பதில்.

மறுபக்கம் “மெரினாவுல ஓசியில அள்ளிக்கலாமே” என்கிற கட்சி. நம் கடற்கரை மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். குவார்ட்ஸ் குற்றமில்லை, பழுப்புப் பாசிக்கு அதன்மேல் பழி போடுகிறார்கள், சிலிக்கேட் வருவதோ பெரும்பாலும் குழாய்த் தண்ணீரில். ஆனால் நகரத்துக் கடற்கரையில் சாக்கடை கலக்கிறது. கருமணலில் இருக்கும் இல்மனைட் போன்ற இரும்புத் தாதுக்கள் கண்ணாடி துடைக்கும் காந்தத்தில் ஒட்டிக்கொண்டால் கண்ணாடி கீறிப்போகும். மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணலில் தோரியம் கொண்ட மோனசைட்டே உண்டு.

எனக்குக் கோபம் வருவது ஊர்பேர் தெரியாத “பவளத் தூள்” மூட்டைகளைப் பார்த்துத்தான். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளம் வெட்டிய மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. 2001இல் பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. செய்யாத வேலைக்காக ஒரு மணலை வாங்கி, அதற்காகப் பவளத்தையும் இழக்க வேண்டுமா?

கடைக்காரரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: மணி எத்தனை மில்லிமீட்டர், மணல் எங்கிருந்து வருகிறது? பதில் வராவிட்டால் அந்த மூட்டை வேண்டாம். மிச்சமாகும் காசில் ஒரு கேஎச் டெஸ்ட் கிட் வாங்குங்கள், படுக்கையறை ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள்.